பேய் வேறு, பூதம் வேறு

கேள்வி: பேய், பிசாசு, பூதம், ஆவி என்று எதற்கு இத்தனை சொல்? எல்லாம் ஒன்றுதானே? பேய் என்ற சொல் எங்கிருந்து வந்தது?
– மயிலாடுதுறை வாசகி

பதில்: ஒன்று கிடையாது. பூதமும் பிசாசும் வடமொழியிலிருந்து வந்தவை. பூதம் என்றால் 'ஆகி முடிந்தது', 'இருப்பது' என்றெல்லாம் பொருள். இறந்த காலத்தைப் பூதகாலம் என்பதும், நிலம் நீர் தீயை ஐம்பூதம் என்பதும் அதே சொல்தான். ஆவி நம்முடையது. இட்லிப் பானையைத் திறந்தால் முகத்தில் அடிக்கிறதே அதுவும் ஆவி, கொட்டாவியில் இருப்பதும் ஆவி, மூச்சும் ஆவி, அப்புறம்தான் போன உயிருக்கு ஆகி வந்தது.

பேய்க்கு வருவோம். இதுவும் பழைய தமிழ்தான், மலையாளத்திலும் உண்டு. தொல்காப்பியத்தின் உரியியலில் 'பேம்', 'நாம்', 'உரும்' மூன்றுக்கும் அச்சம் என்று பொருள் சொல்லியிருக்கிறது. அந்தப் 'பே'யும் நம் பேயும் ஒரே வேர் என்றுதான் எனக்குப் படுகிறது. அதாவது பேய் என்றால் முதலில் செத்தவர் இல்லை, பயம். புறநானூற்றின் 62ஆம் பாட்டில் வரும் பேய்ப் பெண்டிரைப் பாருங்கள், போர்க்களத்தில் விழுந்து கிடக்கிறவர்களின் புண்ணைத் தொட்டு, ரத்தம் வழியும் கையாலேயே தலைமுடியைக் கோதிக்கொள்கிறார்கள். எந்த வீட்டுக் கிழவியும் செத்துப்போய் இப்படி ஆனதாக அங்கே ஒரு வார்த்தை இல்லை. வெள்ளைப் புடவை, மல்லிகைப்பூ எல்லாம் நம் சினிமாக்காரர்கள் உபயம்.

சுவாரசியம் என்னவென்றால், இந்தச் சொல்லைப் பெரியவர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். காரைக்கால் அம்மையார் தம் பதிகத்தில் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்றே சொல்கிறார். பேயாழ்வாருக்கு அந்தப் பெயர் வந்தது, பெருமாள்மேல் பேய் பிடித்தவர்போல் இருந்ததால் என்பார்கள்.

பேச்சில் அது அளவு மீறினதற்கும் ஆகிவிட்டது: பேய்மழை, பேய்க்காற்று. செடிகொடியில் வந்தால் பெரும்பாலும் காட்டில் தானாய் முளைத்தது, கசப்பது என்று அர்த்தம்: பேய்ப்புடல், பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை. இதில் மட்டும் பேய்க்குப் பயப்படுங்கள், விளையாட்டில்லை. சுரைக்காய் நறுக்கும்போது ஒரு துளி நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் குப்பையில் போடுங்கள், சாறு பிழிந்து குடித்தால் ஆஸ்பத்திரிதான்.