நன்றாக இருக்கும் டான்சிலை ஏன் எடுக்க வேண்டும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 56. கழுத்தின் வலது பக்கம், தாடைக்குக் கீழே வலியில்லாத கட்டி. ஊசி பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. எங்கே தொடங்கியது என்பது பெட் ஸ்கேனிலும் தெரியவில்லை. மயக்க மருந்து கொடுத்து வலது டான்சிலையும், தேவைப்பட்டால் நாக்கின் அடிப்பகுதித் திசுவையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். டான்சில் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: பார்வைக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் டான்சிலில் ஆழமான இடுக்குகள் உண்டு. புற்று அதன் அடியில் சில மில்லிமீட்டர் அளவில் தொடங்கி, அங்கே பெரிதாகாமலேயே கழுத்து நெறிக்கு, அதாவது நிணநீர்க் கணுவுக்குப் பரவிவிடும்; அதுதான் கட்டியாகத் தெரிகிறது. அவ்வளவு சிறியது, புற்றை ஒளிரவைத்துக் காட்டும் பெட் ஸ்கேனில் தப்பிவிடலாம். போதாததற்கு, நோயில்லாத டான்சிலும் அதில் கொஞ்சம் ஒளிரும். மேலாகக் கிள்ளி எடுத்தால் புற்று அகப்படாமல் போகலாம். அதனால்தான் முழு டான்சிலையும் எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி நுண்ணோக்கியில் தேடுகிறார்கள்.

அங்கே கிடைக்கவில்லை என்றால் அடுத்த சந்தேகம் நாக்கின் அடிப்பகுதி. அங்கும் டான்சில் போன்ற திசு படர்ந்திருக்கும். அதை வாய் வழியாகவே லேசரைக் கொண்டோ ரோபோ கருவியைக் கொண்டோ எடுக்கலாம். ரோபோவை இயக்குபவரும் அறுவை மருத்துவர்தான். அது இல்லாத ஊரில் லேசரே போதும், கைதேர்ந்தவர் இருந்தால்.

ஊசியில் எடுத்த மாதிரியில் பி16 பரிசோதனை (எச்பிவி வைரஸால் வந்த புற்றா என்பதற்குக் குறிப்புத் தரும் புரதத்தைத் தேடுவது) செய்தார்களா என்று கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் டான்சில், நாக்கடி மீது சந்தேகம் வலுக்கும். புகையிலைப் பழக்கம் உள்ளவரென்றால் குரல்வளையை ஒட்டிய பள்ளங்களையும் அதே மயக்கத்தில் எண்டோஸ்கோப்பால் பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு? இடம் தெரிந்தால், நம் ஊரில் 'கரண்ட் வைப்பது' என்கிற கதிர்வீச்சை அந்த இடத்துக்குக் குறிவைக்கலாம். தெரியாவிட்டால் தொண்டையில் பரவலாகக் கொடுக்க வேண்டி வரும்; வாய் வறட்சியும் விழுங்கும் சிரமமும் கூடும். எல்லாம் செய்தும் சிலருக்குக் கிடைக்காது. அவர்களுக்கும் குணமாக்கும் நோக்கத்தோடுதான் சிகிச்சை தரப்படுகிறது.

அறுவைக்குப் பிறகு தொண்டை வலி இரண்டு வாரம்வரை இருக்கும். அந்த நாட்களில் வாயில் ரத்தம் வந்தால், எவ்வளவு கொஞ்சமானாலும், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரு டான்சில்களையும் நாக்கடித் திசு முழுவதையும் ஒரே நேரத்தில் எடுத்தால் தழும்பு வளையமாகித் தொண்டை சுருங்கும் அபாயம் உண்டு. எவ்வளவு எடுக்கப் போகிறார்கள் என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். இதற்கிடையில், கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.