டாக்டரம்மா பதில்கள்: மூசிக்கரைப் புளியமரம்

கேள்வி: எங்கப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் வண்டியில் ஹைதராபாத் பக்கம் பத்து வருஷம் வேலை பார்த்தவர். கை நசுங்கி உஸ்மானியா ஆஸ்பத்திரியில் ஒரு மாசம் இருந்திருக்கிறார். அங்கே வளாகத்துக்குள் நிற்கிற பெரிய புளியமரத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். அந்த மரத்துக்கு ஏதாவது கதை உண்டா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: உண்டு தம்பி. மயக்கவியல் மாநாட்டுக்காக ஹைதராபாத் போனபோது நானும் அந்த மரத்தடியில் நின்றிருக்கிறேன். பட்டையில் கை வைத்தேன், நம் ஊர்ச் சாலையோரப் புளியின் அதே சொரசொரப்பு. கையை எடுக்கத்தான் மனசு வரவில்லை.

1908 செப்டம்பர் 28-ஆம் தேதி மூசி ஆறு ஊருக்குள் புகுந்தது. ஆற்றுப்படுகையில் இருந்த 788 ஏரிகளில் 221 உடைந்துபோயின. நொய்யல் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து வந்து கீழ்க்குளத்துக் கரையை அடிக்கும். இறந்தவர்கள் சுமார் 15,000 பேர் என்கிறார்கள். உருதுக் கவிஞர் அம்ஜத் ஹைதராபாதி தாய், மனைவி, மகள் மூன்று பேரையும் அன்று பறிகொடுத்துவிட்டுத் தனியாளாக மிஞ்சினார்.

அன்றைக்கு அந்தப் புளியமரத்தில் ஏறிக் கிளையைக் கட்டிக்கொண்டு பிழைத்தவர்கள் சுமார் 150 பேர். நாம் பேச்சுவாக்கில் ‘புளியங்கொம்பைப் பிடித்துவிட்டான்’ என்கிறோமே, அதை அவர்கள் நிஜமாகவே பிடித்தார்கள். இப்போதும் அந்தத் தேதியில் மரத்தடியில் கூடி இறந்தவர்களை நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கரையில் அப்போது இருந்தது அஃப்சல் கஞ்ச் ஆஸ்பத்திரி. சாலார் ஜங் திவானாக இருந்த காலத்தில், 1866-இல் வந்தது. வெள்ளம் அதையும் கொண்டுபோனது. அப்புறம் ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஆட்சியில், வின்சென்ட் எஷ் என்பவர் போட்ட வரைபடத்தின்படி எழும்பியதுதான் உங்கப்பா படுத்திருந்த, குவிமாடம் வைத்த உஸ்மானியா. கட்டடத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எஞ்சினியர் விஸ்வேஸ்வரய்யாவை வரவழைத்து, வெள்ளம் ஏன் வந்தது என்று மேலே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவர் யோசனைப்படி 1920-இல் உஸ்மான் சாகர், 1927-இல் ஹிமாயத் சாகர் என்று இரண்டு நீர்த்தேக்கங்கள் முடிந்தன.

கேள்வி: நான் நர்சிங் படிக்கிறேன். மயக்க மருந்தின் சரித்திரத்தில் ஹைதராபாத் பெயர் வருகிறதே, எதனால்?
– வாசகி, காங்கேயம்

பதில்: அம்மணி, நாற்பது வருஷமாக நான் பிழைத்த தொழிலைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அந்தக் காலத்தில் அறுவை சிகிச்சைக்குக் குளோரோஃபார்ம் கொடுப்பார்கள். நல்ல திடகாத்திரமான ஆள்கூடச் சில சமயம் மேஜையிலேயே போய்விடுவார். முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்று டாக்டர்களுக்குள் பெரிய வழக்கு. ஹைதராபாத்தில் ரெசிடென்சி என்ற பிரிட்டிஷ் அரசப் பிரதிநிதி அலுவலகத்தின் சர்ஜனாக இருந்த எட்வர்ட் லாரி, ‘மூச்சுதான் முதலில் நிற்கும், மூச்சைக் கவனித்தால் போதும், நாடி பார்க்க வேண்டியதில்லை’ என்று அடித்துச் சொன்னார். ஆறாவது நிஜாம் மஹபூப் அலி கான் செலவில் 1888-இல் ஒரு ஆய்வுக் குழு அமைத்தார்கள். அது லாரி சொன்னதையே சொன்னது. லண்டன் ‘லான்செட்’ மருத்துவப் பத்திரிகை அந்த முடிவை ஏற்கவில்லை. சரி, நீங்களே ஆள் அனுப்பிப் பாருங்கள் என்று நிஜாம் 1,000 பவுண்டு கொடுத்தார். 1889-இல் ‘லான்செட்’ அனுப்பிய டாக்டர் லாடர் பிரன்டன் வந்தார். நாய், குரங்கு என்று நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளின் மேல் சோதனை நடந்தது. சந்தேகத்தோடு வந்தவர் லாரியின் பக்கம் சேர்ந்துவிட்டார்.

ஆனால் லாரி சொன்னது பாதிதான் சரி. மயக்கம் லேசாக இருக்கும்போது குளோரோஃபார்ம் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி நிறுத்திவிடும் என்று 1911-இல் குட்மன் லெவி என்ற டாக்டர் காட்டினார். அதனால்தான் என் ஆசிரியர் எங்களுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுத்தார்: கை நாடியில், கண் மார்பில். நான் வேலைக்குச் சேர்ந்த சின்ன அரசு ஆஸ்பத்திரியில் மயக்கத்துக்கு ஈத்தர் என்ற மருந்துதான். ஒரு ராத்திரி, குடல்வால் வெடித்த ஏழு வயதுப் பையன் மேஜையில் கிடக்கும்போது கரண்ட் போய்விட்டது. ஈத்தர் தீப்பிடிக்கும், லாந்தர் கொண்டுவர முடியாது. ஆயா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் முழுக்க வயிற்றின் மேல், என் பக்கம் இருட்டு. இடது கையால் தாடையைத் தூக்கி, சுண்டுவிரலைத் தாடையோர நாடியில் வைத்துக்கொண்டேன். மூச்சு விடுகிறானா என்பதை என் மணிக்கட்டில் படுகிற வெதுவெதுப்பை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இருபது நிமிஷம். பையன் பிழைத்தான்.

இன்னொருவரைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ரூபா பாய் ஃபர்தூன்ஜி, பார்சிப் பெண். 1885-இல் ஹைதராபாத் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1889-இல் தேறினார். அஃப்சல் கஞ்ச் ஆஸ்பத்திரியில் குளோரோஃபார்ம் கொடுப்பதே அவர் வேலை. 1909-இல் எடின்பரோ போய் மேலும் படித்தார். உலகத்தின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று அவரைச் சொல்கிறார்கள். நான் படித்த காலத்தில் ஒரு வகுப்பில்கூட அந்தப் பெயர் என் காதில் விழுந்ததில்லை. ரிட்டையர் ஆன பிறகு ஒரு கட்டுரையில் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. உன் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதி வை.

கேள்வி: அந்தப் பழைய உஸ்மானியா கட்டடத்தில் இப்போதும் வைத்தியம் நடக்கிறதா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: இல்லைங்க. 2020 ஜூலை மழையில் வார்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நோயாளிகளை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டுப் பழைய கட்டடத்தை மூடினார்கள். புதிய ஆஸ்பத்திரிக்கு 2025 ஜனவரி 31 அன்று ஹைதராபாத்திலேயே கோஷாமஹால் பகுதியில் அடிக்கல் நாட்டினார்கள். பழைய கட்டடத்தை இடிக்காமல் பழுது பார்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பது என் ஆசை.

திருச்செங்கோட்டுத் தம்பிக்கு ஒரு வேலை. கை நசுங்கி உஸ்மானியாவில் இருந்தபோது மயக்க மருந்து கொடுத்த டாக்டர் யார், என்ன பேசினார் என்று அப்பாவுக்கு நினைவிருக்கிறதா? கேட்டு எனக்கு எழுதுங்கள்.