கண்ணாடி போட்ட சென்டர்: ஜார்ஜ் மைக்கன் பற்றிச் சில கேள்விகள்

பழைய காலத்துத் தொழில்முறை பேஸ்கட்பால் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும், வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே ஆளைப் பற்றித்தான். சரி, இன்றைக்கு அவரையே பார்த்துவிடுவோம்.

சார், யார் இந்த மைக்கன்? இன்றைய ஆட்டத்தில் அவர் தாக்குப்பிடிப்பாரா? (கல்லூரி மாணவர், திருச்சி)

1924இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் ஊரில் பிறந்தவர். 6 அடி 10 அங்குல உயரம், மூக்கில் சோடாபுட்டி கண்ணாடி. ஆடியது சென்டராக, அதாவது ரிங்குக்கு அருகே நிற்கும் நெட்டையர் இடத்தில். தொழில்முறையில் ஏழு பட்டங்கள் வென்றார். 1947இல் சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ் அணிக்கு ஒன்று, பிறகு மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்கு ஆறு. இன்றைய லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ்தான் அது. 1960இல் ஊர் மாறியது.

இன்று அப்படியே கொண்டுவந்து இறக்கினால் திணறுவார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவரைச் சமாளிக்க என்று மாற்றிய விதிகளில்தான் இன்றைய பிள்ளைகள் ஆடுகிறார்கள். அதையும் கணக்கில் வையுங்கள் தம்பி.

அப்படி என்ன விதிகளை மாற்றினார்கள்? (மேற்படி மாணவரே)

கல்லூரியில் ஆடும்போது ரிங்குக்கு அருகே நின்று, எதிரணி எறியும் பந்து கீழே இறங்கும்போது தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அவரும், ஓக்லஹோமாவில் பாப் கர்லண்ட் என்ற இன்னொரு நெட்டையரும் செய்த இந்த வேலைக்குப் பெயர் கோல்டெண்டிங். இவர்களால்தான் 1944இல் கல்லூரி ஆட்டத்தில் அதற்குத் தடை வந்தது.

பிறகு 1951இல் அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்பிஏ, ரிங்குக்குக் கீழே உள்ள கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியது. மூன்று செகண்டுக்கு மேல் அதற்குள் நிற்க முடியாது என்பதால், மைக்கன் தள்ளி நின்றுதான் பந்து வாங்க வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு அவர் எடுத்த சராசரி 28.4 புள்ளியிலிருந்து 23.8க்கு இறங்கியது. மனுஷன் அசரவில்லை. அதே சீசனில் ரோச்செஸ்டருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 61 புள்ளி எடுத்தார்.

ஷாட் கிளாக் வந்ததற்கும் அவர்தான் காரணம் என்கிறார்களே? (பள்ளி உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு)

அவர் மட்டும் காரணமில்லை டீச்சர். ஆனால் பங்கு உண்டு. 1950 நவம்பர் 22, மினியாபொலிஸ். லேக்கர்ஸை அவர்கள் ஊரிலேயே நேருக்கு நேர் ஆடி ஜெயிக்க முடியாது என்று தெரிந்து, ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். டிக்கெட் வாங்கி வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. முடிவில் பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. அந்தப் பதினெட்டில் 15 மைக்கனுடையது! என்பிஏ வரலாற்றில் மிகக் குறைந்த ஸ்கோர் இன்றுவரை இதுதான். பந்து கிடைத்த அணி 24 செகண்டுக்குள் ரிங்கை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற ஷாட் கிளாக் விதி 1954இல்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு மைக்கன் ஓய்வு பெற்றுவிட்டார். 1956இல் திரும்பி வந்து 37 ஆட்டம் ஆடிப் பார்த்தார். பழைய மைக்கன் அதில் இல்லை.

மைக்கன் டிரில் என்று எங்கள் கோச் தினமும் உயிரை வாங்குகிறார். அது இவர் பெயரா அண்ணா? (ஒன்பதாம் வகுப்பு, மதுரை)

இவரேதான். எனக்கும் அந்த வயதில் அதைச் செய்ய வைத்தார்கள், பெயர்க் காரணம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சின்ன வயதில் முழங்கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த பையன் அவர். வளர்ந்தபின் நடையே தடுமாற்றம். நோட்ர டேம் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. 1942இல் டிபால் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வந்த ரே மேயர் என்ற 28 வயது கோச்தான் அவரைக் கையில் எடுத்தார். ஸ்கிப்பிங், குத்துச்சண்டைப் பயிற்சி, நடனம்கூடக் கற்க வைத்தார். அப்புறம் இந்த டிரில்.

ரிங்குக்கு நேர் கீழே நின்றுகொள். வலது பக்கம், இடது காலை ஊன்றி எழும்பி, வலது கையால் போர்டில் பட்டு விழும்படி ஒரு ஹூக், அதாவது கையைத் தலைக்கு மேலே வளைத்து ஒற்றைக் கையால் எறிவது. வலையிலிருந்து விழும் பந்தைத் தரையில் விடாமல் பிடி. பிடித்ததை முகவாய்க்குக் கீழே இறக்காதே. அப்படியே இடது பக்கம் போய், வலது காலை ஊன்றி இடது கையால். கை இறங்கினால் குள்ளமானவன்கூடப் பந்தைப் பிடுங்கிவிடுவான், அதற்குத்தான் அந்தக் கட்டளை. மைக்கன் இதை ஒவ்வொரு கைக்கும் நூற்றுக்கணக்கில் போட்டார். உன் கோச் எத்தனை கேட்கிறார்?

கறுப்பின ஆட்டக்காரர்கள் இல்லாத காலத்துச் சாம்பியன்தானே? (வாசகர், சென்னை)

நியாயமான கேள்வி. என்பிஏவுக்குள் கறுப்பின வீரர்கள் வந்தது 1950இல்தான். அதற்கு முன்பே, 1948 பிப்ரவரியில் சிகாகோவில், முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸுடன் லேக்கர்ஸ் மோதியது. மைக்கன் 24 புள்ளி எடுத்தும், கடைசி நொடியில் எர்மர் ராபின்சன் தூரத்திலிருந்து போட்ட பந்தில் 61-59 என்று தோற்றார்கள். மைக்கனின் பட்டங்களைப் பேசுகிறவர்கள் இந்த ஆட்டத்தையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கட்சி.

ஆட்டத்தை விட்டபின் என்ன செய்தார்? (வங்கி ஊழியர், சேலம்)

வக்கீல் வேலை. 1956இல் குடியரசுக் கட்சி சார்பில் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். லேக்கர்ஸுக்குக் கோச்சாகவும் இருந்து பார்த்தார், 39 ஆட்டத்தில் ஒன்பதே வெற்றி, அதை விட்டுவிடலாம். 1967இல் என்பிஏவுக்குப் போட்டியாக வந்த ஏபிஏ என்ற லீக்குக்கு முதல் கமிஷனர் ஆனார். சிவப்பு, வெள்ளை, நீல நிறப் பந்தும், தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி தரும் மூன்று புள்ளிக் கோடும் அந்த லீக்கின் அடையாளங்கள். ரிங்குக்குக் கீழேயே குடியிருந்த மனிதர் மூன்று புள்ளிக் கோட்டைத் தூக்கிப் பிடித்தது எனக்கு இன்னும் சிரிப்புதான்.

கடைசிக் காலம் கஷ்டமானது. சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்தார்கள். 1965க்கு முன்பே ஆடி முடித்தவர்களுக்கு அப்போது என்பிஏ ஓய்வூதியம் மிகக் குறைவாக இருந்தது. அதை உயர்த்தச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 2005 ஜூன் 1 அன்று இறந்தார். இறுதிச் சடங்குச் செலவை, பின்னாளில் லேக்கர்ஸுக்குச் சென்டராக ஆடிய ஷாகில் ஓ'நீல் ஏற்றுக்கொண்டார். மைக்கனின் சட்டை எண்ணான 99ஐ இனி யாருக்கும் தருவதில்லை என்று லேக்கர்ஸ் ஓய்வு கொடுத்தது 2022இல்தான்.