கத்தினால்தான் மேஸ்திரியா?

கேள்வி: 12 வருடம் கொத்தனாராக இருந்துவிட்டு, 3 மாதத்துக்கு முன் மேஸ்திரி ஆனேன். கூட வேலை பார்த்தவர்களே இப்போது என் கீழே. முன்பிருந்த மேஸ்திரி எந்நேரமும் கத்துவார். எனக்கு அது வராது. 'இப்படி மெதுவாகப் பேசினால் எவனும் மதிக்கமாட்டான்' என்கிறார் காண்ட்ராக்டர். போன வாரம் தளம் போடும்போது, பலகையைக் கீழிருந்து தாங்கிய ஒரு முட்டு சரிந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அது ஆடியதை முதல் நாளே பார்த்ததாக ஒரு சித்தாள் அப்புறம் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. நானும் கத்தத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது காண்ட்ராக்டரின் பேச்சு இல்லை, அந்த முட்டுதான். அது ஆடுவதைக் கண்ணால் பார்த்தவர் ஒரு ராத்திரி முழுக்க மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். 'உன் வேலையைப் பார்' என்ற பேச்சை எத்தனை முறை வாங்கியிருப்பாரோ!

கட்டட வேலையில் தப்பு மூடிக்கொள்ளும். கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சிறு துண்டான கவர் பிளாக்கை வைக்க விட்டுப்போனால் கான்கிரீட் அதை மறைத்துவிடும். சில வருடம் கழித்துக் கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிப்பக்கம் உரியும்போதுதான் தெரியும். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று விரட்டினால் கலவையில் ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக விழும். வேலை சுலபம், ஆனால் பலம் குறையும். அதே கலவையில் சோதனைக்காக வார்த்து வைத்த கியூபை 28-ம் நாள் நசுக்கிப் பார்க்கும்போது அது வெளியே வரும். இதையெல்லாம் முதலில் பார்ப்பது நீங்களோ இன்ஜினியரோ இல்லை. சட்டி சுமப்பவரும் கம்பி கட்டுபவரும்தான். மேஸ்திரி கத்தினால் அவர்கள் வேலையைச் செய்வார்கள், பார்த்ததைச் சொல்லமாட்டார்கள்.

அதனால் கத்த வேண்டாம். ஆனால் கத்தாமல் இருந்தால் மட்டும் போதாது. 3 மாதமாக நீங்கள் கத்தவில்லை, இருந்தும் அவர் சொல்லவில்லையே! நீங்களாகக் கேட்க வேண்டும். காலையில் வேலை பிரிக்கும்போது 'எல்லாம் சரியா?' என்றால் 'சரி' என்றுதான் பதில் வரும். 'நேற்று எந்த முட்டைப் பார்த்துச் சந்தேகப்பட்டீர்கள்?' என்று கேளுங்கள். சித்தாளிடம் முதலில் கேளுங்கள். பெரியாள் பேசிவிட்டால் அப்புறம் அவர் பேசமாட்டார். யாராவது ஒன்றைச் சொன்னால் கையிலிருப்பதை வைத்துவிட்டு அவரோடு நடந்து போய்ப் பாருங்கள். பல தடவை அங்கே ஒன்றும் இருக்காது. அப்போதும் 'சொன்னது நல்லது' என்று எல்லார் காதிலும் விழச் சொல்லுங்கள். ஒரு தடவை சலித்துக்கொண்டால் போதும், மறுபடி வாய் மூடிக்கொள்ளும்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1988-ல் கட்டட வேலைக்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது, 167-வது. உடனடியான பெரிய ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி விலகிக்கொள்ளலாம், மேற்பார்வையாளரிடம் உடனே சொல்லவும் வேண்டும் என்கிறது அது. சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, கடமை. இதை உங்கள் ஆட்களுக்கு நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

மெதுவாகப் பேசுவதற்காக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சாரத்தில் பெல்ட் போடாமல் நிற்பவர் பழைய சிநேகிதராக இருந்தாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். தலைக்கு மேல் சுமை ஆடும்போது தொண்டை கிழியக் கத்துங்கள், தவறே இல்லை. ஆபத்து போனதும் ஏன் கத்தினீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சுவர் கோணலா? கட்டியவரைத் தனியாக அழைத்து, தூக்குக்குண்டை விட்டுக் காட்டுங்கள்.

காண்ட்ராக்டரிடம் மரியாதையைப் பற்றிப் பேசினால் ஏறாது. இடித்துத் திரும்பச் செய்த வேலை எத்தனை நாள் தின்றது, எத்தனை மூட்டை சிமெண்ட் போனது என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதைக் காட்டுங்கள்.

அந்தச் சித்தாளிடம் இன்னும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. 'ஏன் சொல்லவில்லை' என்று மறுபடி கேட்காதீர்கள், விசாரணை மாதிரி இருக்கும். 'நீங்கள் பார்த்தது சரி, நான்தான் கேட்டிருக்க வேண்டும்' என்று சொல்லுங்கள். அடுத்த தளத்துக்கு முன்னால் முட்டுகளைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.