தூண் ஏன் உடைகிறது? பனோரமா ஒட்டுதல் குறித்த கேள்வி பதில்

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயிலில் நந்தி மண்டபத் தூணுக்கு அருகே நின்று, விமானத்தையும் சேர்த்து எட்டுப் படங்கள் எடுத்தேன். அவற்றை ஒரே அகன்ற படமாக (பனோரமா) ஒட்டிய பிறகு விமானம் சரியாக இருக்கிறது. தூண் மட்டும் இரண்டாக உடைந்து தெரிகிறது. வேறு மென்பொருள் உதவுமா ஐயா?

பதில்: உதவாது. ஒரு கண்ணை மூடி, முகத்துக்கு முன்னே விரலை நிறுத்தித் தலையை மட்டும் திருப்பிப் பாருங்கள். தலையோடு கண்ணும் நகர்வதால், விரல் பின்சுவரின் மேல் இடம் மாறும். உங்கள் கேமராவும் அதையே செய்திருக்கிறது; திருப்பியபோது லென்ஸும் நகர்ந்ததால், அருகிலுள்ள தூண் படத்துக்குப் படம் இடம் மாறியிருக்கிறது. லென்ஸை முன்னாலிருந்து பார்க்கும்போது அதன் துவாரம் எந்த ஆழத்தில் இருப்பதாகத் தோன்றுகிறதோ, அந்த இடத்தின் வழியாகச் சுழலும் அச்சு செல்ல வேண்டும். இதை நோடல் பாயிண்ட் என்று அழைக்கிறார்கள். ஒளியியல்படி அது பிழையான பெயர் என்றாலும் கடைக்காரருக்கு அதுதான் புரியும். முக்காலியின் திருகு பெரும்பாலும் அதற்குப் பின்னால் இருப்பதால், முக்காலியின் மேல் கேமராவை முன்னும் பின்னும் நகர்த்த உதவும் தகடு ஒன்று தேவை. அருகில் ஒரு குச்சியும் தொலைவில் ஒரு கம்பமும் ஒரே நேர்கோட்டில் தெரியுமாறு கேமராவை வைத்து, வலப்புறம் திருப்புங்கள். குச்சி கம்பத்துக்கு இடப்பக்கம் விலகினால் கேமராவைப் பின்னே தள்ளுங்கள்; வலப்பக்கம் விலகினால் முன்னே நகர்த்துங்கள். விலகல் நின்ற இடத்தில் தகட்டின் மேல் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஜூம் லென்ஸில் குவியத் தூரத்தை மாற்றினால் அந்த இடமும் மாறும். செஞ்சி ராஜகிரி உச்சியிலிருந்து சமவெளியை எடுப்பதானால் இந்தச் சிரமமே வேண்டாம்; அருகில் எதுவும் படத்துக்குள் வராதவரை கையில் பிடித்தே எடுக்கலாம்.

கேள்வி: ஃபுல் ஃபிரேம் (36×24 மி.மீ. சென்சார்) கேமராவும் 50 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். 180 பாகை காட்சிக்கு எத்தனை படங்கள் வேண்டும்?

பதில்: கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் ஒரு படம் ஏறத்தாழ 27 பாகை அகலம் காட்டும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று படிய விட்டால் படத்துக்கு 18 பாகை புதிதாகக் கிடைக்கும். எனவே பத்துப் படங்கள். இரு ஓரங்களிலும் ஒன்று கூடுதலாக எடுங்கள், வெட்டும்போது அருமை தெரியும்.

கேள்வி: வானத்தில் பட்டை பட்டையாக நிறம் மாறுகிறது.

பதில்: கேமரா தானாகவே படத்துக்குப் படம் அமைப்பை மாற்றுவதால் வருவது அது. எக்ஸ்போஷர் (ஒளி அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), ஃபோகஸ் நான்கையும் முதல் படத்துக்கு முன்பே கைமுறையில் நிலைநிறுத்திவிடுங்கள், வெளிச்சம் மிகுந்த பகுதி வெளுத்துப் போகாத அளவை எடுத்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முன் போலரைசர் (வானத்தைக் கறுக்கச் செய்யும் வடிகட்டிக் கண்ணாடி) இருந்தால் கழற்றிவிடுங்கள். சூரியனுக்கு 90 பாகை தள்ளியுள்ள வானத்தைத்தான் அது அதிகம் கறுக்கச் செய்யும் என்பதால், அகன்ற காட்சியில் நடுவே ஓர் இருண்ட திட்டு விழும்.

கேள்வி: நேரான மதில் வில்லாக வளைகிறதே?

பதில்: அது உருளை வீச்சின் இயல்பு; அகன்ற காட்சியை ஓர் உருளையின் மேல் விரித்துத் தட்டையாக்கும் முறை அது. நிமிர்ந்த கோடுகளை அது நேராகவே வைத்திருக்கும், கிடைக்கோடுகளை வளைக்கும். காட்சி 100 பாகைக்குள் இருந்தால் மென்பொருளில் ரெக்டிலீனியர் வீச்சுக்கு (நேர்கோடுகளை நேராகவே காட்டும் முறை) மாற்றுங்கள், மதில் நேராகிவிடும். அதற்கு மேல் போனால் ஓரங்கள் இழுபட்டு அசிங்கமாகும். அப்போது வளைவை ஏற்றுக்கொள்வதே மேல்.

கேள்வி: படங்களுக்கு இடையே நடந்துபோய், ஒட்டிய படத்தில் பாதி ஆளாக நிற்பவர்களை என்ன செய்வது?

பதில்: இலவசமாகக் கிடைக்கும் ஹகின் (Hugin) என்ற பனோரமா ஒட்டும் மென்பொருளிலேயே, ஒரு பகுதியைச் சேர்க்கவோ விலக்கவோ குறிக்கும் மாஸ்க் வசதி உண்டு. முழு ஆள் உள்ள படத்தில் அவரைச் சேர்க்கவும், பாதி ஆள் உள்ள படத்தில் விலக்கவும் கோடிட்டால் போதும். கூட்டம் மிகுந்த இடங்களில் நான் ஒவ்வொரு நிலையிலும் இரண்டு மூன்று படங்கள் எடுத்து வைத்துக்கொள்வேன்.