மறு: இரண்டாம் ஆண்டு உதவித்தொகை இன்னும் வரவில்லை

வணக்கம். முதலாண்டில் 12,000 ரூபாய் பெற்ற மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைக்கு இவ்வாண்டு புதுப்பித்தல் விண்ணப்பம் அனுப்பியும், தேசிய உதவித்தொகைத் தளத்தில் அது கல்லூரிச் சரிபார்ப்பிலேயே நிற்பதாக எழுதியிருந்தீர்கள். 61 விழுக்காடு மதிப்பெண்ணும் 80 விழுக்காடு வருகையும் உங்களுக்கு இருப்பதால், புதுப்பிக்கத் தேவையான 50, 75 என்ற வரம்புகளைத் தாண்டிவிட்டீர்கள்; தகுதியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

எனக்குக் கவலை தருவது நாள்தான். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் தம் கணக்கில் நுழைந்து ஒப்புதல் அளித்தால்தான் விண்ணப்பம் மேலே செல்லும். அதற்கெனத் தனியாக ஒரு கடைசி நாள் உண்டு, அது கடந்துவிட்டால் தகுதியுள்ள மாணவரும் அவ்வாண்டுத் தொகையை இழக்க நேரிடும். என் தங்கை, தானாக நடந்துவிடும் என்று காத்திருந்து ஓராண்டுப் பணத்தை அப்படித்தான் இழந்தாள். ஆகவே விண்ணப்பத்தின் அச்சுப்படி, மதிப்பெண் பட்டியல், வருகைச் சான்று ஆகியவற்றுடன் நாளையே அவரை நேரில் பாருங்கள். குறை இருப்பதாகத் திருப்பி அனுப்பினால், அன்றே திருத்தி மீண்டும் சமர்ப்பியுங்கள்.

இடையில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்திருந்தால், பணம் கடைசியாக இணைத்த கணக்கிற்கே செல்லும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.