டிரேட்ல போன பசங்க என்ன ஆனாங்கன்னு எப்படி ஃபாலோ பண்றது?

கேள்வி: நான் சான் டியேகோ பாட்ரேஸ்ங்கிற அமெரிக்க பேஸ்பால் டீமோட ஃபேன். ஹுவான் சோட்டோங்கிற ஸ்டார் பேட்டருக்காக நாங்க தூக்கிக் கொடுத்த பசங்க எல்லாம் வேற ஜெர்சியில கலக்குறதைப் பார்த்தா வயிறு எரியுது. டீமை விட்டுப் போனவங்களையும் மேஜர் லீக்குக்குக் கீழ, மைனர் லீக்ல இருக்கிற சின்னப் பசங்களையும் தினமும் உட்கார்ந்து பார்க்காம ஃபாலோ பண்ண வழி இருக்கா?

பதில்: இருக்குங்க. ஆனா ஆள் ஆளா ஃபாலோ பண்ணாதீங்க, டிரேட் டிரேடா பண்ணுங்க. ஒரு கூகுள் ஷீட் போதும். யார் போனாங்க, யார் வந்தாங்க, வந்தவங்களை வெச்சு அப்புறம் யாரை வாங்கினாங்க. ஷீட்ல இந்த மூணாவது கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க, பாதி வயித்தெரிச்சல் அதனாலதான்.

உங்க டிரேடையே எடுத்துக்குவோம். 2022 ஆகஸ்ட் 2. சோட்டோவும் ஜோஷ் பெல்லும் வந்தாங்க, வாஷிங்டன் நேஷனல்ஸுக்கு சிஜே ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட், ராபர்ட் ஹாஸல், ஹார்லின் சுசானா, கூடவே லூக் வோய்ட்டும் போனாங்க. ஏப்ரம்ஸ் 2024ல ஆல்-ஸ்டார், கோரும் வுட்டும் 2025ல ஆல்-ஸ்டார். இதோட ஷீட்டை மூடினா அழுகைதான் வரும். ஆனா 2023 டிசம்பர்ல சோட்டோவையும் டிரென்ட் கிரிஷமையும் யாங்கீஸுக்கு அனுப்பினப்போ மைக்கேல் கிங், ட்ரூ தோர்ப்னு மொத்தம் அஞ்சு பேர் வந்தாங்க, அதுல தோர்ப்பை 2024 மார்ச்ல இன்னும் மூணு பேரோட சேர்த்து ஒயிட் சாக்ஸுக்குக் கொடுத்து டிலன் சீஸை வாங்கினாங்க, அந்த சீஸ் அதே வருஷம் ஜூலை 25ஆம் தேதி நோ-ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட விடாத மேட்ச்) போட்டார், யாருக்கு எதிரான்னு நினைக்கிறீங்க? நேஷனல்ஸுக்கு எதிரா, அவங்க கிரவுண்ட்லயே, 3-0. பாட்ரேஸ் வரலாற்றுலயே அது ரெண்டாவது நோ-ஹிட்டர். கிங்கோட ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விடுற சராசரி ரன், குறைவா இருந்தா நல்லது) அந்த வருஷம் 2.95.

இவ்வளவுக்கு அப்புறமும் வாஷிங்டனுக்குத்தான் லாபம்னு நான் சொல்வேன். மேஜர் லீக்ல ஆறு வருஷ சர்வீஸ் முடியற வரைக்கும் பிளேயர் டீம் கையிலதான் இருப்பார், வுட் 2024 ஜூலைலதான் உள்ளேயே வந்தார், சீஸ் 2025 முடிஞ்சதும் ஃப்ரீ ஏஜென்ட்டாகி (எந்த டீமோடவும் சேரலாம்) டொராண்டோ போயிட்டார். அதனால ஷீட்ல 'எந்த வருஷம் வரைக்கும் கையில இருப்பார்'னு ஒரு கட்டம் கண்டிப்பா போடுங்க, ஆல்-ஸ்டார் ஆனாரா இல்லையாங்கிறதை விட இதுதான் முக்கியம்.

மைனர் லீக் பசங்க விஷயத்துல பேட்டிங் ஆவரேஜைப் பார்த்து ஏமாறாதீங்க. முதல்ல வயசு, அடுத்து லெவல் (சிங்கிள்-ஏ கீழ்ப்படி, டிரிபிள்-ஏ மேஜர் லீக்குக்கு முந்தின படி). டிரேட் நடந்தப்போ வுட்டுக்கு 19 வயசு, சிங்கிள்-ஏல லேக் எல்சினோர்ல ஆடிட்டு இருந்தார், டிராஃப்ட்ல, அதாவது டீம்கள் புதுப் பசங்களை வரிசையா தேர்ந்தெடுக்கிறதுல, ரெண்டாவது ரவுண்ட்ல எடுத்த ஆள். ஹாஸல் 2020 டிராஃப்ட்ல எட்டாவது பிக், ஆனா டிரேட் நடந்த 2022 இலையுதிர் காலத்துலயே கையில ஹாமேட் எலும்பு உடைஞ்சு, மேஜர் லீக் வந்து சேரவே 2025 மே ஆயிடுச்சு. அடுத்து, எந்த லீக்ல ஆடறார்னு பாருங்க. உங்க டிரிபிள்-ஏ டீம் எல் பாசோ இருக்கிற பசிஃபிக் கோஸ்ட் லீக்ல ஆல்புகெர்க்கி, ரீனோ மாதிரி மேட்டு நிலத்து ஊர்கள் இருக்கு, அங்க பந்து பறக்கும், அந்த லீக்ல .300 (பத்துக்கு மூணு ஹிட்) அடிச்சான்னு துள்ளிக் குதிக்க வேண்டாம். ஃபேன்கிராஃப்ஸ்ங்கிற புள்ளிவிவர சைட்ல டபிள்யூஆர்சி பிளஸ்னு (wRC+) ஒரு எண் இருக்கும், லீக் சராசரி 100, ஒருத்தன் 130ல இருந்தா சராசரி பேட்டரை விட 30 சதவீதம் மேல. அதுகூட ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட் ஆகிறது) சதவீதத்தையும் பாருங்க. வுட் 2025ல 221 ஸ்ட்ரைக்அவுட் ஆகியும் 31 ஹோம் ரன் அடிச்சு சமாளிச்சார், எல்லாருக்கும் அந்தக் கை பலம் கிடையாது. டிரிபிள்-ஏ ஆளுங்களுக்கு பந்து பேட்ல இருந்து கிளம்புற வேகம் வரைக்கும் பேஸ்பால் சாவன்ட் சைட்ல 2023ல இருந்து கிடைக்குது, இலவசம்தான்.

யார் எங்க போனாங்கன்னு பேஸ்பால் ரெஃபரன்ஸ் சைட்ல டிரான்சாக்‌ஷன்ஸ் பக்கத்தை மாசம் ஒரு தடவை திறந்தா போதும், டிரேட் கெடு நெருங்குற ஜூலை கடைசி வாரம் மட்டும் தினமும். 'பின்னால பேர் சொல்லப்படும்'னு ஒரு ஆள் டிரேட்ல இருந்தா அந்த வரியை காலியா வெச்சிருங்க, ஆறு மாசத்துக்குள்ள பேர் வந்துடும். டிரே டர்னர் அப்படித்தான் போனார். 2014ல டிராஃப்ட் ஆனவரை ஒரு வருஷம் ஆகாம டிரேட் பண்ணக் கூடாதுன்னு அப்போ ரூல், அதனால டிசம்பர்லயே வாஷிங்டனுக்குப் போறது ஊருக்கே தெரிஞ்சும் 2015 ஜூன் வரைக்கும் பாட்ரேஸ் மைனர் டீம்லயே ஆடிட்டு இருந்தார் மனுஷன். (அந்த ரூலையே அப்புறம் மாத்திட்டாங்க.)

பார்க்க எந்தப் புள்ளிவிவரமும் இல்லாத ஆளுங்கதான் கஷ்டம். 2016 ஜூன்ல ஜேம்ஸ் ஷீல்ட்ஸைக் கொடுத்து வாங்கினப்போ, பின்னால பாட்ரேஸ் ஸ்டாரான ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியருக்கு 17 வயசு, ஒரு புரொஃபஷனல் மேட்ச் கூட ஆடல. ஆன்ட்ரேஸ் முன்யோஸை 2020 ஆகஸ்ட்ல சியாட்டிலுக்கு அனுப்பினப்போ அவர் டாமி ஜான் சர்ஜரி (முழங்கை தசைநார் ஆபரேஷன்) முடிஞ்சு ரெஸ்ட்ல இருந்தார், பின்னால அங்க க்ளோசர் (மேட்ச் கடைசியில வந்து முடிச்சுக் கொடுக்கிற பிட்சர்) ஆயிட்டார். இந்த மாதிரி ஆளுங்க வரியை அழிச்சிடாதீங்க, டீன் ஏஜ் பசங்கன்னா மூணு வருஷம், சர்ஜரி கேஸ்னா ரெண்டு சீசன் பொறுத்துப் பாருங்க.

புதுசா ஷீட் ஆரம்பிக்கிறீங்கன்னா முதல் வரி 2025 ஜூலை 31 டிரேடா இருக்கட்டும், மேசன் மில்லரும் ஜேபி சியர்ஸும் வந்தாங்க, 18 வயசு லியோ டி வ்ரீஸ் மூணு பிட்சர்களோட ஏ'ஸ் டீமுக்குப் போனார்.